டூர்பியோன் கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்தின் தெற்கே, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஓடும் ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சியோன் என்றொரு பழைய நகரம். ரயிலில் போகிறவர்கள் சன்னல் வழியே இரண்டு பாறைக் குன்றுகளைப் பார்ப்பார்கள். ஒன்றில் முழுசாக நிற்கும் ஒரு கோவில். மற்றொன்றில் கூரையில்லாத, மதில் மட்டும் மிஞ்சிய ஒரு கோட்டை. அந்த இரண்டாவதுதான் டூர்பியோன். பார்த்துவிட்டு வந்தவர்களும் போகப் போகிறவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கோட்டை சரியாக எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத் தலைநகரான சியோனில். ஜெர்மன் பேசுபவர்கள் இதே ஊரைச் சிட்டன் என்பார்கள். குன்றின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். ஆற்றங்கரைச் சமவெளியிலிருந்து பார்த்தால் 150 மீட்டருக்கும் மேலே நிற்கிறது. சுற்றிலும் 3,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகள் இருப்பதால் படத்தில் குன்று சின்னதாகத் தெரியும். ஆனால் அடிவாரத்தில் நின்று நிமிர்ந்து பார்ப்பவருக்கு, எதிரிப் படை இங்கே ஏற எவ்வளவு தயங்கியிருக்கும் என்பது உடனே புரிந்துவிடும். சுற்றிலும் பெரும்பாலும் செங்குத்துப் பாறை. ஏறத் தோதான வழி மிகக் குறைவு.

யார் கட்டியது?

போனிஃபாஸ் டி ஷாலான் என்ற கத்தோலிக்க ஆயர். இன்றைய இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்த பெரிய குடும்பத்தில் பிறந்தவர். 1290 முதல் 1308-ல் இறக்கும்வரை சியோனின் ஆயராக இருந்தார். கோட்டை எழுந்தது அவர் காலத்தில்தான்.

ஓர் ஆயருக்குக் கோட்டை எதற்கு?

இந்தக் கேள்வியில்தான் டூர்பியோனின் மொத்தக் கதையும் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் அறிந்த ஆயர் மறைமாவட்டத்தை நடத்துபவர், பூசை வைப்பவர். சியோன் ஆயர் அதோடு நாட்டை ஆண்டவரும்கூட. 999-ஆம் ஆண்டு பர்கண்டி அரசர் மூன்றாம் ருடால்ஃப், வலே நாட்டை ஆளும் உரிமையை அன்றைய ஆயர் ஹியூகோவுக்கு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஒரு கையில் ஆயர்கோல், மறுகையில் வாள். வரி வசூலிப்பது, வழக்குத் தீர்ப்பது, படை திரட்டுவது எல்லாம் ஆயரின் வேலை.

அந்த நாடு யாருக்கும் வேண்டாத மலைக்காடும் அல்ல. இத்தாலியையும் வட ஐரோப்பாவையும் இணைக்கும் சிம்ப்ளோன் கணவாய், பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய் இரண்டுக்கும் பாதை வலே வழியாகத்தான். 13-ஆம் நூற்றாண்டில் மிலான் வணிகர்கள் பிரான்சின் ஷாம்பேன் சந்தைகளுக்குப் பொதி ஏற்றிப் போனது சிம்ப்ளோன் வழியே. பொதி போகிற வழியில் சுங்கம் கிடைக்கும். சுங்கம் கிடைக்கிற இடத்தில் பங்காளிகளும் கிளம்புவார்கள். மேற்கே சவோய் பிரபுக்கள் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு மேலேயும் கண் வைத்திருந்தார்கள். உள்ளூரிலோ டி லா தூர் போன்ற குடும்பங்கள் ஆயருக்கு அடங்க மறுத்தன. போனிஃபாஸ் பதவிக்கு வந்ததுமே இந்தப் பிரபுக்களோடு மோத வேண்டியிருந்தது. நகரத்தையும் பள்ளத்தாக்கையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளும் இந்தப் பாறையை அவர் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எதிர்க் குன்றில் தெரிவதும் இதே கோட்டையின் பகுதியா?

இல்லை. அது வலேர். மதிலும் பாதுகாப்பும் கொண்ட கோவில் அது. அங்கே குடியிருந்தது ஆயர் இல்லை, பேராலயக் குருமார் குழு. அவர்களுக்குத் தனிச் சொத்து, தனி உரிமைகள், ஆயரோடு அவ்வப்போது உரசல். ஆகவே இரண்டு குன்றுகளையும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கட்டடங்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

வலேரின் கட்டுமானம் 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அங்கே சுவரில் பரண் போல ஏற்றி வைத்த ஒரு குழலிசைக் கருவி, அதாவது பைப் ஆர்கன், இருக்கிறது. 1430-களில் செய்யப்பட்டது, இன்னும் வாசிக்க முடிகிற ஆர்கன்களில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. கோடையில் அதில் கச்சேரி வைக்கிறார்கள். சியோனுக்குப் போகிறவர்கள் அந்தக் கச்சேரி நாளைப் பார்த்துப் பயணம் வைத்துக்கொண்டால் நல்லது என்பேன்.

ஆயர்கள் எப்போதும் மேலேயே வாழ்ந்தார்களா?

இல்லை. 1373-ல் ஆயர் கிஷார் தாவெல்லி, குன்றின் அடிவாரத்தில் நகரை ஒட்டியிருந்த மஜோரி என்ற மாளிகையை விலைக்கு வாங்கினார். அப்புறம் அன்றாட வாழ்க்கை, நிர்வாகம் எல்லாம் மெல்ல அங்கே இறங்கிவிட்டன. டூர்பியோன் ஆபத்துக் காலப் புகலிடமாகவும், அதிகாரத்தின் அடையாளமாகவும் தொடர்ந்தது. இந்த மஜோரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

ஓர் ஆயரைக் கோட்டைச் சன்னலிலிருந்து தள்ளிக் கொன்றார்களாமே, இங்கேதானா?

கொன்றது உண்மை. இடம் வேறு. கொல்லப்பட்டவர் மேலே சொன்ன அதே தாவெல்லி. 1375 ஆகஸ்டில், சியோனுக்கு மேற்கே சவியேஸ் ஊரில் ஆயருக்குச் சொந்தமாக இருந்த சுவா கோட்டையின் உயரத்திலிருந்து அவரைத் தள்ளினார்கள். செய்வித்தவர் அந்துவான் டி லா தூர். சொத்துத் தகராறும் அதிகாரப் போட்டியும் பல வருடங்களாகப் புகைந்துகொண்டிருந்தன. கொலைக்குப் பிறகு மேல் வலே, அதாவது பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதி, மக்கள் திரண்டெழுந்து அந்துவானைத் தோற்கடித்தார்கள். அவர் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று.

சுற்றுலா வருகிறவர்கள் பலரும் இந்தக் கதையை டூர்பியோன் மதிலோடு சேர்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். சுவாவின் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன; கதையை அங்கேயே விட்டுவிடுவதுதான் நியாயம்.

சவோய் படை இந்தக் கோட்டையைப் பிடித்ததுண்டா?

சவோய் பிரபுக்கள் சியோன் நகரை இரண்டு தடவை வீழ்த்தினார்கள்: 1352-ல் ஆறாம் அமதேயுஸ், 1384-ல் ஏழாம் அமதேயுஸ். ஆனால் 1388-ல் விஸ்ப் ஊரில் மேல் வலே விவசாயப் படை சவோய் படையைத் தோற்கடித்தது. 1392 சமாதானத்தில் எல்லை, சியோனுக்கு மேற்கே ஓடும் மோர்ஜ் ஆறு என்று ஆயிற்று. அதாவது தலைநகரின் வாசலிலேயே எல்லை. அடுத்த 80 வருடம் அப்படியே கழிந்தது. 1475 நவம்பரில் சியோன் மதிலுக்கு வெளியே பிளான்தா போரில் வலே மக்கள் வென்ற பிறகுதான் சவோய் கீழ்ப் பள்ளத்தாக்கை இழந்தது.

கோட்டை முதலில் எப்போது எரிந்தது?

1417-ல். எரித்தது அயல் படை இல்லை, சொந்த நாட்டு மக்கள்.

அந்தக் காலத்தில் வலேயின் பெரிய குடும்பம் ராரோன். அதன் தலைவர் கிஷார் டி ராரோன் நாட்டின் படைத்தலைமையும் நிர்வாகமும் பார்த்தார். ஆயர் பதவியில் இருந்த கியோம் அவருடைய சொந்தக்காரர். வாளும் ஆயர்கோலும் ஒரே வீட்டுக்குள். கிஷார் சவோயோடு கொண்ட நெருக்கம் மக்களை ஆத்திரப்படுத்தியது. சவோயை விரட்டப் போராடியவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

எழுச்சி தொடங்கிய விதம் வலேக்கே உரியது. மாட்ஸே என்பார்கள்: ஒரு தடித்த மரக்கட்டை, அதில் கோணல் மாணலாகச் செதுக்கிய ஒரு மனித முகம். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். சேர விரும்புகிறவர் அந்தக் கட்டையில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். அதுதான் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவரும் போடக்கூடிய கையெழுத்து. முகம் முழுக்க ஆணி நிறைந்ததும், பழைய பதிவுகள் சொல்கிறபடி, ஊர் நடுவே அதை நிறுத்தி “உனக்குத் தீங்கு செய்தது யார்?” என்று கேட்பார்கள். பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். குற்றவாளியின் பேர் வந்ததும் கட்டையைப் பிடித்திருப்பவர் அதைத் தலைகுனிய வைப்பார். பிறகு கூட்டம் அந்த ஆளின் வீட்டுக்குக் கிளம்பும். கட்டை ராரோன் பேருக்குத் தலைகுனிந்தது. குடும்பத்தின் கோட்டைகளும் ஆயரின் கோட்டைகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. டூர்பியோனும் அப்படித்தான் எரிந்தது.

கிஷார் பெர்ன் நகரின் உதவியை நாடினார். பெர்ன் படை 1418-ல் சியோனை எரித்தது, 1419-ல் உல்ரிஷன் என்ற மலையூரில் வலே மக்கள் அதை எதிர்த்து நின்றார்கள், 1420-ல் சமாதானம். ஆயர் கியோம் பதவி இழந்தார். வெளிநாட்டவரான ஆந்திரேயா என்பவர் மறைமாவட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார்.

எரித்தவர்களே மறுபடி கட்ட விட்டார்களா?

விட்டார்கள். அதிலும் கட்டியவர் யாரென்று பாருங்கள்: 1437-ல் ஆயரான இன்னொரு கியோம் டி ராரோன்! விரட்டப்பட்ட அதே குடும்பம், அதே பெயர். 1440-களில் டூர்பியோன் மறுபடி எழுந்துவிட்டது. மக்கள் வெறுத்தது கிஷாரின் ஆட்டத்தைத்தான். ஆயர் ஆள்வதை அல்ல. ஆட்சியின் சின்னமாக அந்தக் கோட்டை அப்போதும் தேவைப்பட்டது. எரிந்து முப்பது வருடத்துக்குள் கட்டடம் எழுந்ததை வேறு எப்படி விளக்குவது?

கடைசியாக எரிந்தது எப்படி?

1788 மே 24. போர் இல்லை, முற்றுகை இல்லை, ஆணி அடித்த கட்டையும் இல்லை. சியோன் நகரில் பெரும் தீ பிடித்தது. மரக் கூரைகள் நெருக்கியடித்த பழைய தெருக்கள். ரோன் பள்ளத்தாக்கில் காற்றுக்குக் குறைவே கிடையாது. நகரின் பெரும்பகுதி நாசமாயிற்று. மஜோரியும் எரிந்தது. நெருப்பு குன்றின் மேலேயும் போய் டூர்பியோனின் கூரையையும் தளங்களையும் தின்றுவிட்டது. கல்மட்டும் நின்றது. வலேர் தப்பித்தது.

அப்புறம் ஏன் திரும்பக் கட்டவில்லை?

பலரும் “பணம் இல்லை” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நகரமே சாம்பலாகக் கிடந்தபோது பணமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தீயில் எரிந்த மஜோரிக்கு மறுபடி கூரை வந்ததே? இன்று அதில்தான் வலே மாநிலத்தின் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஆக, வேண்டிய கட்டடத்துக்கு வழி பிறந்தது.

என் பார்வையில், டூர்பியோன் 1788-ல் பாழாகவில்லை. அதன் உயிர் 1634-லேயே போய்விட்டது. அந்த ஆண்டு ஆயர் ஹில்டெபிரான்ட் யோஸ்ட், ஆளும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டார். பள்ளத்தாக்கில் ஏழு வட்டாரங்கள் இருந்தன. அவற்றின் பிரதிநிதிகள் கூடும் அவைதான் நாளடைவில் உண்மையான அரசாகிவிட்டது. ஆயருக்குப் பட்டமும் மரியாதையும் மிஞ்சின. ஆளாத ஆயருக்குக் குன்றின் மேல் கோட்டை எதற்கு? அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு அது பழைய பெருமையின் பேரில் நின்றது. அந்த நிலையில் தீ வந்தது. பத்தே வருடத்தில், 1798-ல், பிரெஞ்சுப் படை வந்து பழைய ஆட்சி முறையையே துடைத்துப் போட்டது. 1417 தீக்குப் பிறகு கோட்டை தேவைப்பட்டவர்கள் இருந்தார்கள். 1788 தீக்குப் பிறகு யாரும் இல்லை. டூர்பியோன் இடிபாடாக நிற்பதற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

நெப்போலியன் பீரங்கியால் இடித்தார் என்று எங்கோ படித்தேனே?

இல்லை. 1798-ல் பிரெஞ்சுப் படை சியோன் நகரைச் சூறையாடியது உண்மை. ஆனால் கோட்டை அதற்குள் எரிந்து பத்து வருடம் ஆகியிருந்தது. நெப்போலியன் 1800 மே மாதம் பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயைக் கடந்தார். அந்தப் பாதை கீழ் வலேயில் மார்டின்யி ஊரில் பிரிந்துவிடும், சியோனுக்கு வராது. 1810-ல் வலேயைப் பிரான்சோடு இணைத்ததும், 1815-ல் வலே சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்ததும் வேறு கதை.

இப்போது மேலே என்ன பார்க்கலாம்?

தூரத்திலிருந்து தெரியும் பல்வரிசை மதில், கோபுரத்தின் மிச்சம், ஆயர் குடியிருந்த கட்டடத்தின் சுவர்கள். சன்னல் துளைகள் இருக்கின்றன, தளங்கள் இல்லை; ஆகவே இரண்டாம் மாடிச் சன்னலைத் தரையில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

அவசரமாகச் சுற்றிவிட்டு இறங்குகிறவர்கள் தவறவிடுவது சிற்றாலயத்தைத்தான். புனித ஜார்ஜின் பெயரில் அமைந்த சின்னக் கோவில். கல் விலாக்கள் தாங்கும் வளைகூரை என்பதால் தீ அதை விழுத்தவில்லை. உள்ளே சுவரோவியங்கள் இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதாவது கோட்டை புதிதாக இருந்தபோது தீட்டிய ஒரு அடுக்கு. 15-ஆம் நூற்றாண்டு நடுவில், மறுபடி கட்டியபோது தீட்டிய இன்னொரு அடுக்கு. நிறம் மங்கிப் பல இடம் உதிர்ந்துவிட்டது. இருந்தாலும் பொறுமையாகக் கொஞ்ச நேரம் நின்றால், கண் பழகப் பழக முகங்களும் உடை மடிப்புகளும் தெளிந்து வரும். இரண்டு தீயையும் இந்தச் சுவர் பார்த்திருக்கிறது. டூர்பியோனில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

மதில் ஓரமாக நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் விரியும். சரிவெல்லாம் கல் அடுக்கி எழுப்பிய திராட்சைத் தோட்டப் படிகள். கரை கட்டி நேராக்கிய ரோன் ஆறு. மேற்கே விமான ஓடுபாதை. எதிரே, கொஞ்சம் கீழே, வலேர். போனிஃபாஸ் ஏன் இங்கே கட்டினார் என்பதை எந்த விளக்கப் பலகையையும் விட இந்தக் காட்சி தெளிவாகச் சொல்லும்.

பாறையில் கள்ளிச் செடி பார்த்தேன். ஆல்ப்ஸில் கள்ளியா?

நீங்கள் பார்த்தது சரிதான், சப்பாத்திக்கள்ளி வகை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து இங்கே காட்டுச் செடியாகவே வேரூன்றிவிட்டது. இரண்டு பக்கமும் உயர்ந்த மலைத்தொடர்கள் மழை மேகத்தை மறித்துவிடுவதால், சியோன் வட்டாரம் சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. அதனால்தான் பனியாறுகளிலிருந்து தோட்டங்களுக்கு நீர் கொண்டுவர, மலைச்சரிவில் ‘பீஸ்’ எனப்படும் நீண்ட வாய்க்கால்களை வெட்டினார்கள். கோட்டையில் இருந்தவர்களுக்கும் தண்ணீர் பெரிய கவலையாகவே இருந்திருக்கும். பாறை உச்சியில் மழைநீரைத் தேக்கி வைத்துத்தான் வாழ வேண்டும்.

பழையபடி கூரை போட்டுக் கட்டிவிடலாமே?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் அப்படிக் கற்பனையாகக் கட்டி முடித்த கோட்டைகள் பல உண்டு. அங்கே எது பழசு, எது புதுசு என்று பிரிக்கவே முடிவதில்லை. சியோனில் சுவரைப் பலப்படுத்தி, உதிர்வதைத் தடுத்து, ஓவியங்களைக் காப்பாற்றுகிறார்கள். கோட்டையைக் கவனிக்கத் தனி அறக்கட்டளை இருக்கிறது. மழையும் உறைபனியும் கல்லிடுக்கில் புகுந்து ஒவ்வொரு குளிர்காலமும் தன் வேலையைக் காட்டும். 1946 ஜனவரியில் வலேயை உலுக்கியது போன்ற நிலநடுக்கம் மறுபடி வராது என்றும் சொல்ல முடியாது. எனவே உள்ளதைக் காப்பதே பெரிய வேலை, அந்தப் பணத்தைக் கூரையில் போடுவது சரியில்லை.

எப்படிப் போவது? எப்போது போகலாம்?

லோசானிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெர்ன், சூரிச் பக்கம் இருக்கும் நம்மவர்கள் விஸ்பில் மாறி வரலாம். சியோன் நிலையத்திலிருந்து பழைய நகரத் தெருக்கள் வழியே நடந்தால் இரு குன்றுகளுக்கும் நடுவிலுள்ள மேட்டுக்கு வந்து சேர்வீர்கள். இடப்பக்கம் டூர்பியோன், வலப்பக்கம் வலேர். அங்கிருந்து மேலே நடைதான், வாகனம் போகாது. பாதை செங்குத்து, தேய்ந்த கல், சரளை. செருப்போடு ஏறாதீர்கள். நிழல் கிடையாது, ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் கட்டாயம் வேண்டும், காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. குளிர்காலத்தில் கோட்டையை மூடிவிடுகிறார்கள், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளை மதில் ஓரத்தில் கையைப் பிடித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கலாம்?

முதலில் டூர்பியோன், வெயில் ஏறுவதற்கு முன். இறங்கி வலேர், அதன் கல் குளிர்ச்சியில் மதியத்தைக் கழிக்கலாம். பிறகு கீழே மஜோரி அருங்காட்சியகம். இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்தால்தான் ஆயர், குருமார், நகரம் என்ற மூவரும் எவ்வளவு நெருக்கமாக இருந்துகொண்டு மல்லுக்கட்டினார்கள் என்பது காலுக்கே தெரியும். மிச்ச நேரமும் தெம்பும் இருந்தால் சவியேஸ் பக்கம் போய்ச் சுவா இடிபாடுகளையும் பார்த்துவிடுங்கள். அங்கே கூட்டமே இருக்காது.